குளுகோர் குன்றில் பொருளியல்

பினாங்குத் தீவில் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் பட்டம் படிக்க விரும்புவோர் போய்ச் சேரும் இடம், குளுகோர் குன்றின்மேல் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். ஊர் வழக்கில் அது யு.எஸ்.எம். பெயர் அறிவியலைச் சொன்னாலும் சமூக அறிவியல் புலம் தொடக்க ஆண்டுகளிலேயே அங்கே அமைந்துவிட்டது. பொருளியல் அந்தப் புலத்துக்குள் அரசியல், சமூகவியல், மானிடவியல், வளர்ச்சித் திட்டமிடல், சமூகப்பணி ஆகிய துறைகளோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டு வருகிறது. கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம் 1966-ல் பொருளியலுக்கும் நிர்வாகத்துக்கும் எனத் தனிப் பீடம் கண்டது. பினாங்கு அந்த வழியில் போகவில்லை. கணக்கியலும் வணிக நிர்வாகமும் இங்கே வேறொரு புலத்தில் இருக்க, பொருளியல் மாணவர் சமூகவியல் மாணவரோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தார். இந்த அமைப்பின் விளைவு சிறியதல்ல. விலையையும் கூலியையும் பற்றிப் பேசும்போதே அவற்றைக் கொடுக்கும் மனிதரையும் பெறும் மனிதரையும் சேர்த்துப் பேசும் பழக்கம் பினாங்குப் பொருளியலில் ஆரம்பத்திலேயே படிந்துவிட்டது.

மாநிலத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற தீர்மானம் 1962-ல் பினாங்குச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1967 ஆகஸ்ட்டில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டினார். வகுப்புகள் 1969-ல் குளுகோரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் இரவல் கட்டடத்தில் தொடங்கின. அப்போது அதன் பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். சுங்கை ஆராவில் கட்டடம் எழவில்லை. பிரிட்டிஷ் படை காலி செய்துபோன மின்டென் முகாம் 1971-ல் பல்கலைக்கழகத்தின் நிரந்தர இடமானது. இன்றைய பெயர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் இது.

அந்த ஆண்டுகள் ஊருக்கும் திருப்புமுனையாக இருந்தன. 1786-ல் பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்து பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகமாக வாழ்ந்தது. சூலியாத் தெருத் தமிழ் முஸ்லிம் வணிகரும் பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் அமர்ந்து கடன் கொடுத்த நகரத்தாரும் அந்த வாணிபத்தைச் சுற்றித் தொழில் செய்தவர்கள். நகரத்தார் 1857-ல் தண்ணீர்மலையில் முருகனுக்குக் கோயில் கட்டும் அளவுக்கு இங்கே ஊன்றியிருந்தார்கள். துறைமுகத்தின் சுங்கவரிச் சலுகை 1960-களில் படிப்படியாகக் குறைந்து 1969-ல் முற்றாகப் போனது. வேலையில்லாதோர் விகிதம் 15 விழுக்காட்டை எட்டியது. அதே 1969-ல் முதல்வரான டாக்டர் லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். ஏற்றுமதித் தொழிற்சாலைகளே வழி என்று ஆலோசகர்களான நேத்தன் குழுவின் அறிக்கை 1970-ல் சொன்னது. 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. ஆக, பல்கலைக்கழகமும் தொழிற்பேட்டையும் ஒரே வயது, இடையே சில கிலோமீட்டர். தொழில்மயமாதல் என்ற பாடத்தை அது கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் இடத்தில் கற்கும் வாய்ப்பு வேறு எந்த மலேசியப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த அளவுக்கு வாய்க்கவில்லை.

இடம் என்னும் பற்றாக்குறைப் பொருள்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மாணவர் செலுத்துவது மிகச் சிறிய தொகை. விலை குறைவாகவும் இடங்கள் அளவாகவும் இருக்கும்போது, யாருக்கு இடம் என்பதை விலை தீர்மானிக்காது, விதிமுறைதான் தீர்மானிக்கும். முதலாண்டு மாணவர் வகுப்பில் படிக்கப்போகும் இந்தப் பாடத்தை விண்ணப்பம் போடும்போதே தம் வாழ்க்கையில் படித்துவிடுகிறார்.

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த மாணவருக்கு இரண்டு முக்கியப் பாதைகள். ஒன்று ஆறாம் படிவம். மூன்று தவணைகளாக ஒன்றரை ஆண்டு படித்து எஸ்.டி.பி.எம். எழுத வேண்டும். பொருளியலை ஒரு பாடமாக எடுக்கலாம், தமிழ்மொழியையும் எடுக்கலாம். மற்றொன்று மெட்ரிகுலேஷன். பெரும்பாலோருக்கு ஓராண்டுப் படிப்பு, கணக்கியல் பிரிவில் பொருளியலும் உண்டு. பினாங்கு மாநிலத்தின் மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருக்கிறது. இரு பாதைகளிலிருந்தும் வருவோர் யு.பி.யு. என்னும் ஒரே பொது முறையில் விண்ணப்பிக்கிறார்கள். கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று தகுதிப்புள்ளி கணக்கிடப்படுகிறது. ஆங்கிலத்துக்கு மியூட் தேர்வும் எழுத வேண்டும்.

இனவாரி ஒதுக்கீடு 2002-ல் பல்கலைக்கழக நுழைவிலிருந்து நீக்கப்பட்டுத் தகுதி முறை வந்தது. ஆனால் மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற பங்கீடு தொடர்ந்தது. வெவ்வேறு கடினத்தில் அமைந்த இரு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவது சரியா என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துவருகிறது. அது நியாயமான கேள்வி. இந்திய மாணவர்களுக்கு 2012-ல் 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2019-ல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்ந்தன, விகிதாச்சாரம் மட்டும் மாறவில்லை. எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற அனைவருக்கும் இனப் பாகுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024-ல் அறிவித்தார். பத்து ஏ எடுக்கும் பிள்ளைகள் சிலரே. ஏழும் எட்டும் எடுத்து, தோட்டத்திலிருந்தோ அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்தோ வரும் பிள்ளைக்கு நம்பகமான கதவு இன்றும் ஆறாம் படிவம்தான். கடினம் என்று பெயரெடுத்ததால் அதைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. பொருளியல் படிக்க விரும்புவோருக்கு அந்த ஒன்றரை ஆண்டு வீணல்ல, முதலாண்டுப் பாடத்தில் கணிசமான பகுதி அங்கேயே கைக்கு வந்துவிடுகிறது.

செலவுக்கு வழி பி.டி.பி.டி.என். கடன். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய உயர்கல்வி நிதி இதை வழங்குகிறது. நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. முதல் வகுப்பில் தேறுவோருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடன் தள்ளுபடி ஆகிறது.

வகுப்பறையில்

பட்டப்படிப்பு பொதுவாக மூன்று முதல் நான்கு ஆண்டுகள். முதலில் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பொருளியலுக்கான கணிதம், புள்ளியியல். பிறகு இவற்றின் அடுத்த படிகளும், தரவுகளைக் கொண்டு கோட்பாட்டைச் சோதிக்கும் எகனாமெட்ரிக்ஸும். அதன்பின் கிளைகள்: வளர்ச்சிப் பொருளியல், பன்னாட்டு வாணிபம், பொது நிதி, பணமும் வங்கியும், தொழிலாளர் பொருளியல், சுற்றுச்சூழல். கடைசியில் தொழிற்பயிற்சியும் ஆய்வேடும். மொழிப் பாடம், புறப்பாடம், நாகரிகமும் நெறியும் பற்றிய பொதுப் பாடம் எல்லா அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் கட்டாயம்.

மாணவர் பலர் இடறி விழுவது கணிதத்தில். எஸ்.பி.எம்.மில் கலைப்பிரிவு எடுத்து, கூடுதல் கணிதம் படிக்காமல் வருவோருக்கு இரண்டாம் ஆண்டு பெரும் சோதனை. மொழி அடுத்த தடை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்தவர் இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறார். பல்கலைக்கழகத்தில் விரிவுரை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்க, நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மூன்று மொழிகளில் சிந்தித்துப் பழகியவருக்குப் பிற்காலத்தில் அதனால் பலன் உண்டு. ஆனால் முதல் இரண்டு தவணைகளில் அது பாரமே, அந்தப் பாரத்தை விரிவுரையாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுன் வாடகை

விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பது நுண்பொருளியலின் முதல் சில வாரங்களில் வரும் பாடம். உலகெங்கும் பாடநூல்கள் நியூயார்க் வீட்டு வாடகையை உதாரணம் காட்டும். குளுகோரில் படிப்பவர் பேருந்தேறி நகருக்குள் போனால் போதும்.

1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறையவைத்தது. நாட்டில் அந்தச் சட்டத்துக்குள் வந்த கட்டடங்கள் மிக அதிகம் இருந்த ஊர் ஜார்ஜ் டவுன். பாடநூல் சொல்லும் கேடுகள் எல்லாம் நடந்தன. உரிமையாளருக்கு வரும் வாடகை ஓட்டைக் கூரையை மாற்றக்கூடப் போதவில்லை, பழுதுபார்ப்பு நின்றது. தலைக் குடித்தனக்காரர் அறைகளைப் பிரித்து உள்வாடகைக்கு விட்டு இடையில் பணம் பார்த்தார்.

பாடநூல் சொல்லாததும் நடந்தது. மலிவு வாடகையால் தையற்காரர், பூக்கட்டுவோர், பொற்கொல்லர், மசாலா அரைப்பவர், படகுத்துறைத் தொழிலாளர் எல்லாரும் நகரின் நடுவே தொடர்ந்து வாழ முடிந்தது. யாரும் இடித்துக் கட்ட முன்வராததால் ஆயிரக்கணக்கான கடைவீடுகள் அப்படியே நின்றன. 1997-ல் சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. அவகாசம் முடிந்து 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு இல்லை. வாடகை பல மடங்கு ஏறியது, பழைய குடிகள் வெளியேறினார்கள். காலியான மாடிகள் சிலவற்றில் உழவாரக் குருவிகளைக் குடியேற்றிக் கூடு விற்றார்கள். மனிதர் வாடகையைவிடக் குருவிக்கூடு அதிகம் ஈட்டித் தந்தது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பாரம்பரியம் என்று உலகம் அங்கீகரித்த கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த வாடகைச் சட்டத்தால் தப்பியவை. அவற்றுக்குள் வாழ்ந்தவர்கள் அதே சட்டம் நீங்கியதால் போனவர்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரைபடம் ஒன்றில் இந்த வரலாறு முழுதும் அடங்காது. வரைபடம் தவறு என்பதல்ல, அது ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ளும் மாணவர் கோட்பாட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறார்.

சில்லுத் தொழிற்சாலைகள்

பாயான் லெப்பாஸுக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ஊர் இன்றும் எட்டுச் சாமுராய்கள் என்று நினைவுகூர்கிறது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூன்று ஷிப்டுகளில் நுண்ணோக்கியின்முன் அமர்ந்தார்கள். வேலையின்மை ஒரு தலைமுறைக்குள் ஏறத்தாழ மறைந்தது, அது உண்மையான சாதனை.

ஆனால் சில்லை வடிவமைத்தவருக்கு ஒரு கூலி, அதைப் பொருத்திச் சோதித்தவருக்கு வேறொரு கூலி. ஐம்பது ஆண்டுகளில் பினாங்கு எவ்வளவு மேலே ஏறியது, ஏன் தைவான் அளவுக்கு ஏறவில்லை என்பதே வளர்ச்சிப் பொருளியலில் மலேசியாவைக் குறித்த மிக முக்கியமான விவாதம். பொருளியலாளர் ராஜா ராசையா 1995-ல் வெளியிட்ட நூல், வெளிநாட்டு முதலீட்டுக்கும் மலேசியத் தொழில்மயத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தது. பன்னாட்டு நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த உள்ளூர்ப் பட்டறைகள் எப்படித் தொழில்நுட்பம் கற்றன என்பது அவர் நெடுங்காலம் தொடர்ந்த கேள்வி. வளரும் நாடுகளின் அறிவியல் அகாதமி 2014-ல் அவருக்கு செல்சோ ஃபுர்த்தாடோ பரிசை வழங்கியது. யு.எஸ்.எம்.மில் பல்லாண்டு பொருளியல் கற்பித்த சுரேஷ் நாராயணன் ஆராய்ச்சி இல்லாமலே தொழில்நுட்பம் முதிர்ந்த நிலை, வெளிநாட்டுத் தொழிலாளர், வரி ஆகியவற்றைப் பற்றி எழுதினார். 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வந்து, 2018 ஜூனில் பூஜ்யமாகி, செப்டம்பரில் பழைய விற்பனை சேவை வரி திரும்பியபோது, வரியின் சுமை கடைசியில் யார் தோளில் இறங்குகிறது என்ற பாடத்தை மாணவர்கள் மளிகைக்கடை ரசீதிலேயே பார்த்தார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்

பொருளியல் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஓர் எண்ணைக் கண்டதும் அது எப்படி வந்தது என்று கேட்கத் தெரிவது. மலேசியாவில் இந்தக் கேள்விக்கு விலை அதிகம்.

1971-ல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை வறுமையை ஒழிப்பது, இனத்தையும் தொழிலையும் பிணைத்திருந்த கட்டை அவிழ்ப்பது என இரு நோக்கங்களை வைத்தது. 1990-க்குள் பங்கு மூலதனத்தில் 30 விழுக்காடு பூமிபுத்ராக்களிடம் இருக்க வேண்டும் என்றது. அந்த இலக்கு எட்டப்பட்டதா? 2006-ல் அரசாங்கக் கணக்கு 18.9 விழுக்காடு என்றது. பொருளியல் வரலாற்றாய்வாளர் லிம் தெக் கீ தலைமையிலான ஆய்வு மையம் 45 விழுக்காடு என்றது. முன்னது பங்கின் முகமதிப்பை எடுத்துக்கொண்டது, பின்னது சந்தை மதிப்பை எடுத்து அரசு சார்ந்த நிறுவனங்களையும் சேர்த்தது. பெரும் சர்ச்சையில் லிம் தெக் கீ பதவி விலகினார். இந்தியர்களின் பங்கு எந்த முறையில் கணக்கிட்டாலும் சொற்பமே.

வறுமைக் கோட்டின் கதை இன்னும் தெளிவானது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்று கோடு இருந்தவரை 2016-ல் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு. 2019-ல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நாட்டுக்கு வந்து அந்தக் கோட்டை நம்பவே முடியாது என்றார். 2020-ல் புள்ளியியல் துறை கோட்டை 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியது. அதே 2016, அதே குடும்பங்கள், ஆனால் வறுமை 7.6 விழுக்காடு. செபராங் பிறையில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு எழுந்தபோது வேலையும் லயன் வீடும் ஒருசேர இழந்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ, பழைய கோட்டின்படி ஏழைகளே அல்ல. கோட்டுக்கு மேலே இருந்தவர் உதவிக்குத் தகுதி பெறவில்லை.

இந்த வகை ஐயத்துக்கு மலேசியாவில் மூத்த முன்னோடி உங்கு அப்துல் அஜீஸ். மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1968 முதல் 1988 வரை இருந்த அவர், கிராமத்து வறுமையை அளக்கச் சாரம் குறியீடு ஒன்றை வகுத்தார். வீட்டில் உள்ள சாரங்களின் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். வருமானத்தை மறைக்கலாம், கொடியில் காயும் சாரத்தை மறைக்க முடியாது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கேள்வித்தாளுடன் அவரவர் கிராமத்துக்கு அனுப்பினார். 1918-ல் நூலான அந்த ஆய்வின் கிராமங்களான இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி முதலியவற்றுக்கு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் திரும்பிப் போனார்கள். பைராம், கலிடோனியா போன்ற நிபோங் திபால் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தம் ஆய்வேட்டை அந்தத் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

குன்றிலிருந்து இறங்கியவர்கள்

பினாங்கில் 1952-ல் பிறந்த ஜோமோ குவாமே சுந்தரம், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் படித்தவர். 1974-ல் சிறிது காலம் யு.எஸ்.எம்.மில் கற்பித்தார், பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம். 2005 முதல் 2012 வரை ஐ.நா.வின் பொருளாதார வளர்ச்சிக்கான உதவிப் பொதுச்செயலாளர். மார்ட்டின் கோர் கேம்பிரிட்ஜில் பொருளியல் படித்துவிட்டு யு.எஸ்.எம்.மில் முதுகலை முடித்து, அங்கேயே பாடமும் நடத்தினார். மலேசியப் பொருளாதாரத்தின் சார்புநிலையை அலசிய அவருடைய நூல் 1983-ல் வந்தது. பிறகு அவர் சேர்ந்தது எஸ்.எம். முகமது இத்ரிஸ் வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தோடு. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வணிகராக வாழ்ந்த இத்ரிஸ், விலைவாசியையும் கலப்படத்தையும் மீனவர் வாழ்வையும் மக்கள் மொழிகளில், தமிழிலும், பேசும் இயக்கத்தை வளர்த்தவர். கல்விக்கூடத்துப் பொருளியலும் கடைத்தெருப் பொருளியலும் அங்கே கைகோத்தன. அந்தக் கூட்டிலிருந்தே மூன்றாம் உலக வலையமைப்பு பிறந்தது. உலக வணிக அமைப்பின் பேச்சுவார்த்தைகளில் ஏழை நாடுகளின் தரப்பை வகுத்துத் தந்ததில் மார்ட்டின் கோருக்கு நிலையான இடம் உண்டு.

தமிழ்க் குடும்பங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற வரிசை இன்றும் மாறவில்லை. பொருளியல் என்றதும் வேலை என்ன என்ற கேள்வி எழும். வேலைகள் உண்டு: மத்திய வங்கியான பேங்க் நெகாரா, புள்ளியியல் துறை, பொருளாதார அமைச்சு, வருமான வரி வாரியம், வணிக வங்கிகள், பாயான் லெப்பாஸ் நிறுவனங்களின் நிதி, கொள்முதல் பிரிவுகள். நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பணிக்கு அரசாங்கச் சேவை ஆணையத்தின் தேர்வெழுதிப் போவோரும் உண்டு. மாநிலத்தின் ஆய்வகமான பினாங்கு இன்ஸ்டிடியூட் பிரவுன் சாலையில் இயங்குகிறது. சம்பளம் தொடக்கத்தில் மருத்துவருடையதற்கு ஈடாகாது. இருந்தும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக 2025-ல் உயர்ந்தபோதும், தோட்டத் தொழிலாளர் கூலி பேசப்பட்டபோதும், மெட்ரிகுலேஷன் இடங்கள் பங்கிடப்பட்டபோதும் மேசையில் இருந்த மொழி பொருளியல். அந்த மேசையில் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் உட்கார வேண்டும்.

நேரடியாகச் சேர முடியாதவர்களுக்கும் யு.எஸ்.எம். ஒரு வழி வைத்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் வெளிவளாகத் திட்டத்தை 1971-லேயே தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இன்று தொலைக்கல்விப் புலமாக வளர்ந்துள்ள அத்திட்டத்தில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் இரவுகளிலும் விடுமுறைகளிலும் படிக்கிறார்கள். நேர்முக வகுப்புகளுக்குக் குளுகோர் வளாகத்தில் தங்கி, நேரடி மாணவர்களைவிடக் கூடுதல் ஆண்டுகள் எடுத்துப் பட்டம் முடிக்கிறார்கள்.